மாற்றி எழுதிய ஆள்

விசாரணை அறைக்கு வெளியே போட்டிருந்த பெஞ்சில் அக்கா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை, கைக்குள் இன்ஹேலர். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள். நாலு வார்த்தை கிழிகிழியென்று கிழிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன்.

"ஏன்க்கா போனே எடுக்கல?"

"நேர்ல பேசிக்கலாம்னுதான்."

எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை இந்தப் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைத்தது யார்? நான். கூடப்பிறந்த புண்ணியவதி.

நான் ஆராய்ச்சி செய்கிறவள். மருத்துவமும் சட்டமும் முட்டிக்கொள்கிற இடம் என் பாடம். வைத்தியம் போதும், என்னை விட்டுவிடுங்கள் என்று நோயாளி கெஞ்சும்போது வார்டில் இருப்பவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்? எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். திறந்தால் சட்டம் அதைக் கொலை என்றுதான் சொல்லும். 'நீங்கள் யாரென்று எந்தக் காலத்திலும் வெளியே வராது' என்று வாக்குக் கொடுத்துச் சிலரைப் பேசவைத்தேன். அதில் ஒருவர் வேறொரு மருத்துவமனையில் நுரையீரல் வார்டு டாக்டர். அலாரம் அடித்தது, அணைத்தேன், ஜன்னலைத் திறந்துவிட்டேன், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றார். சொல்லிவிட்டு அந்த மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அவரைக் காட்டிக்கொடுக்க முடியுமா? எங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. பெயரை மறைத்தால் போதாது, ஆளையே மாற்றி எழுதவேண்டும். நானும் மாற்றினேன். ஆணைப் பெண்ணாக்கினேன், டாக்டரை நர்ஸாக்கினேன். நுரையீரல் வார்டு டயாலிசிஸ் வார்டாயிற்று. படுக்கையில் இருந்த பெரியவர் ரிட்டயரான டீச்சரானார். அலாரத்தையும் ஜன்னலையும் மட்டும் அப்படியே விட்டேன். ஆள் உயிரோடு நடமாடவேண்டுமே என்று நர்ஸுக்குக் கொஞ்சம் ஆஸ்துமாவைக் கொடுத்து, படுக்கை விரிப்பை மாற்றும்போது பழைய பாட்டு ஒன்றை முணுமுணுக்கவும் வைத்தேன். பிரமாதமாக எழுதிவிட்டேன் என்று எனக்கு உள்ளூரத் திமிர் வேறு.

என் அக்கா டயாலிசிஸ் வார்டு நர்ஸ். ஆஸ்துமாக்காரி. வார்டில் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே பாட்டு சிஸ்டர்.

எழுதும்போது இது என் புத்திக்கு எட்டவேயில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். கற்பனை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, வாராவாரம் யார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேனோ அவளையே தூக்கி வைத்திருக்கிறேன். டீச்சரும் அந்தச் சாப்பாட்டு மேஜையிலிருந்து வந்தவர்தான். ஒரு சமயம் அக்கா வாயைத் திறந்தாலே டீச்சரம்மா புராணமாக இருந்தது. டீச்சரம்மா ஊசி குத்தும்போதும் என் கணக்கைத் திருத்தினாங்க, டீச்சரம்மா இன்னிக்கு என்னைத் திட்டினாங்க, டீச்சரம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு 'போதும்மா, என்னை விட்டுடு, என் பையன் கேக்கமாட்டேங்கறான்'னு அழுதாங்க. பிறகு அந்தப் பேச்சு நின்றுபோனது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கட்டுரை ஆய்விதழில் வந்தது. அங்கேயே கிடந்திருந்தால் நாலு பேர் படித்திருப்பார்கள், அதிலும் பாதிப் பேர் தங்கள் பெயர் அடிக்குறிப்பில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. ஒரு பத்திரிகைக்காரர் அதை எடுத்துப் பெரிய செய்தியாகப் போட்டுத் தொலைத்தார். டீச்சரம்மாவின் மகன் அதைப் படித்துவிட்டு, 'இது எங்கம்மா, அது பாட்டு சிஸ்டர்' என்று மருத்துவமனையில் புகார் கொடுத்தார். மருத்துவமனை ஒரு குழுவைப் போட்டது. குற்றம் நடந்திருக்கலாம் என்று குழு ஒரு வரி எழுதினால் போதும், அடுத்தது போலீஸ். வேலை போவதெல்லாம் பிறகு, அக்காவை உள்ளே தள்ளிவிடுவார்கள்.

என் ஆராய்ச்சி கைடு எனக்குப் பாடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "நர்ஸ் கற்பனைன்னு சொல்லு, உங்கக்கா தப்பிச்சுடுவாங்க. நிஜமான ஆள் யாருன்னு கேட்டா, 'என்கிட்ட யார் என்ன சொன்னாங்கன்னு நான் சொல்லமாட்டேன்'னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே." அந்த வாக்கியத்தைக் குளிக்கும்போதும் பல் தேய்க்கும்போதும் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்திருந்தேன்.

"அக்கா, நீ பயப்படாதே," என்றேன். "தப்பெல்லாம் என்னோடது. உள்ள போய் உண்மையை அப்படியே சொல்லிடறேன். எல்லாம் சரியாயிடும்."

அக்கா சிலிண்டரிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

"யாருடி சொன்னா உனக்கு?"

"எதைக்கா?"

"நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே. உங்க அத்தானுக்கே தெரியாது. அலாரத்தை அணைச்சது, டாக்டரைக் கூப்பிடாம டீச்சரம்மா பக்கத்துல உட்கார்ந்தது, எல்லாம் பக்கத்துல இருந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கியே. ஜன்னலைத்தான் தப்பா எழுதிட்ட. எங்க வார்டுல ஜன்னலே கிடையாது."

ஐயோ, நான் எழுதியது உன்னையல்ல, அது வேறு ஒரு டாக்டர் என்று கத்தத் தோன்றியது. கத்தி என்ன பயன்? காதில் விழக் கூடாதது விழுந்தாகிவிட்டது.

கதவு திறந்தது. வாசலில் நின்ற உதவியாளர் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். "போ வாலு," என்றாள். அது என் செல்லப் பெயர். "உண்மையையே சொல்லிடு. தூங்கி எவ்வளவு நாளாச்சு தெரியுமா எனக்கு."

உள்ளே மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு பக்கம் மூத்த டாக்டர், இன்னொரு பக்கம் மருத்துவ நெறிமுறை சொல்லிக்கொடுக்கும் பேராசிரியை.

"இந்த நர்ஸ் யாரும்மா?" என்றார் நீதிபதி.

"அப்படி ஒரு நர்ஸ் இல்லை சார். சொன்னவரை மறைக்கிறதுக்காக நானா மாத்தி எழுதினது."

"சொன்னவர் யாரு?"

"என்கிட்ட யார் என்ன சொன்னாங்கன்னு நான் சொல்லமாட்டேன் சார்."

அவர் கோபப்படவில்லை. மூத்த டாக்டர் கூடத் தலையசைத்தார். "எங்க தொழில்லயும் அப்படித்தானே," என்று நீதிபதியிடம் சொன்னார். பேராசிரியை மட்டும் என் கட்டுரையைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரும் ஆராய்ச்சிக்காரர், எங்கள் சமையலறை அவருக்குத் தெரியும், எதை எங்கே வைத்திருப்போம் என்பதும் தெரியும். எனக்கு அவரைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

"மாத்தினீங்க, சரி. மாத்தறதுக்கான விவரமெல்லாம் எங்கேருந்து எடுத்தீங்க?"

"எங்கக்காகிட்டேருந்து மேடம். தெரியாமலே அவளை வெச்சு எழுதிட்டேன்."

"சொந்த அக்காவையா?" என்று நீதிபதி சிரித்துவிட்டார். "நல்லா மறைச்சீங்க போங்க!" மூத்த டாக்டரும் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், உதடு கோணிக்கொண்டது.

பேராசிரியை சிரிக்கவில்லை. "எழுதினப்போ, அந்த டீச்சர் எப்படி இறந்தாங்கன்னு உங்கக்கா உங்ககிட்ட எதாவது சொல்லியிருந்தாங்களா?"

"இல்லை மேடம்." அது அப்பட்டமான உண்மை.

"எழுதினதுக்கு அப்புறம்? இன்னிக்கு வரைக்கும்?"

மனப்பாடம் செய்த வாக்கியம் தயாராக நாக்கு நுனியில் வந்து நின்றது. யார் என்ன சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். சொன்னால் என்ன ஆகும்? அக்கா ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று நானே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். அந்த டாக்டரைக் காப்பாற்றிய வாக்கியம் என் அக்காவை மாட்டிவிடும்.

"சொல்லலை மேடம்," என்றேன். "அதைப் பத்தி ஒரு வார்த்தை கூட."

பேராசிரியை கட்டுரையை மூடி வைத்தார். நீதிபதி, "போதும்மா, எங்களுக்குப் புரிஞ்சுது. உங்கக்காகிட்ட ஒரு பேச்சுக்குக் கேட்டுட்டு அனுப்பிடறோம். வெளியில அவங்ககூட இதைப் பத்திப் பேசக் கூடாது," என்றார். போன உயிர் பாதி திரும்பி வந்தது.

வெளியே வந்தேன். பெஞ்சின் அந்தக் கோடியில் ஒருவர் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தார். புகார் கொடுத்த பிறகு பத்திரிகையில் வந்த படத்தில் பார்த்த முகம். டீச்சரம்மாவின் மகன். செல்போனைக் கையில் வைத்திருந்தார், ஆனால் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதவியாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

அக்கா எழுந்தாள். "உண்மையைச் சொல்லிட்டியா?"

அந்த மகனுக்கு முன்னால் இதற்கு என்ன பதில் சொல்வது? இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கண்ணால் ஜாடை காட்டலாம் என்றால் அந்த ஆள் இமைக்காமல் பார்க்கிறார்.

"சொல்லிட்டேன்க்கா."

அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். பல மாதமாகத் தூக்கிக்கொண்டு அலைந்த சுமையை இறக்கி வைத்தவள் போலத் தோளைத் தளர்த்தினாள். "நல்லதாப் போச்சு," என்றாள். "நீ சொன்னதையே நானும் சொல்லிடறேன்."

"அக்கா..."

"பேசக் கூடாதுங்க," என்றார் உதவியாளர்.

கதவு சாத்திக்கொண்டது. ஐயோ, ஐயோ என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டேன். உள்ளே ஓடி அவள் வாயைப் பொத்தவேண்டும். ஓடினால் அதுவே வாக்குமூலம். அப்போதுதான் பெஞ்சில் இன்ஹேலர் கிடப்பதைப் பார்த்தேன். பாய்ந்து எடுத்தேன்.

"அவங்களுக்கு மூச்சுத் திணறும் சார், இதை மட்டும் குடுத்துடறேன், ஒரு நிமிஷம் சார்," என்று உதவியாளரிடம் கெஞ்சினேன். அவர் நல்ல மனிதர். கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார். அக்காவின் கண்ணை ஒரு தடவை பிடித்துவிட்டால் போதும், ஒரு தலையசைப்பு போதும் என்று நுழைந்தேன்.

அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். குரல் நிதானமாக, வார்டில் அடுத்த ஷிஃப்ட்காரியிடம் பொறுப்பை ஒப்படைக்கிற தோரணையில் இருந்தது.

"...என்னைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்னு இல்லைங்க. கொஞ்ச நேரம் முன்னாடி வெளியில நான் சொன்னதைத்தான் என் தங்கச்சி உங்ககிட்ட சொல்லிட்டாளே. அலாரத்தை அணைச்சது நான்தான்."

மேஜைக்குப் பின்னால் இருந்த மூன்று பேரும் அவளைப் பார்க்கவில்லை. வாசலில் இன்ஹேலரோடு நின்ற என்னைப் பார்த்தார்கள்.