கறுப்பு எட்டு, சிவப்பு எட்டு

"மூணாவது தட்டை எடுத்து உள்ள வை."

"வர்றவ எதுல சாப்பிட—"

"வர்றவளுக்கு நான் ஒண்ணும் சமைக்கலை."

"நீ சமைக்கலைதான். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மாவு தேய்ச்சவ நான். தட்டு அங்கேயே இருக்கட்டும்."

"அம்மா படுத்திருந்த ரூம்ல அவ கால் வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"இருக்கிறதே ரெண்டு ரூம். பின்ன சுவத்துலயா நடப்பா?"

அக்கா எர்சிலியா தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள். யோலாண்டா அதை மறுபடி எடுத்து மேஜையில் வைத்தாள். காலையிலிருந்து இது நாலாவது தடவை.

தம்பி ஜெரோலமோ கப்பலேறி அர்ஜென்டினாவுக்குப் போய் முப்பத்தெட்டு வருஷம். அம்மா நாலு வருஷம் படுக்கையில் கிடந்தபோதும் வரவில்லை, அடக்கத்துக்கும் வரவில்லை. அள்ளிக் கொட்டிக் கழுவி விட்டவள் எர்சிலியா. போன கோடையில் அவனும் போய்ச் சேர்ந்தான். அவனுடைய ஒரே மகள் மலேனாதான் கடிதம் எழுதியிருந்தாள். சுற்றுலாக் கப்பலில் வருகிறாள், ஜெனோவாவில் ஒரு காலைப்பொழுது மட்டும் நிற்கும், ஒரு மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். கூட்டத்தோடு போகாமல் வரைபடத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சுற்றப் போகிறாள். துறைமுகம், பாங்கி சதுக்கம், பேராலயம், பதினொரு மணிக்கு அத்தைகள் வீடு, கடைசியில் லிஃப்டில் காஸ்டெலெட்டோ மேடு. அப்பா சொல்லிக்கொடுத்த வரிசை இது என்று எழுதியிருந்தாள்.

வா என்று பதில் போட்டவள் யோலாண்டா. தெருப் பெயரும் எண் எட்டும் பெரிய எழுத்தில், அடியில் வீட்டு போன் நம்பரும் எழுதியிருந்தாள்.

பதினொன்று அடித்தது. பதினொன்றேகால். வாசல் மணி ஒலிக்கவில்லை. யோலாண்டா ஜன்னலுக்குப் போனாள், கதவுக்குப் போனாள், கீரையும் முட்டையும் பொதிந்து சுட்ட பாஸ்குவலினாவை மூடிய துணியைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"தரை தேய்ஞ்சிரும்," என்றாள் எர்சிலியா. "அப்பனுக்குப் பொண்ணு தப்பாம பிறந்திருக்கு. வர்றேன்னு சொல்லும், வராது."

"உனக்கு அதுல என்ன இவ்வளவு சந்தோஷம்?"

"எனக்கென்ன சந்தோஷம். பசிக்குது."

பதினொன்றரைக்கு யோலாண்டா நடையை நிறுத்தினாள். எட்டு என்று எழுதினாள். எந்த எட்டு என்று எழுதினாளா? இந்த ஊரில் வீட்டுக் கதவுக்குக் கறுப்பு எண், கடைக்குச் சிவப்பு எண், இரண்டும் தனித்தனி வரிசை. அவர்கள் வீடு கறுப்பு எட்டு. சிவப்பு எட்டு சந்து வளைந்து போகிற மறுகோடியில் இருக்கிறது. அங்கே இருந்த கருவாட்டுக் கடையை மூடி இரண்டு வருஷமாகிறது.

"கறுப்புன்னு எழுதலைக்கா. நான் எழுதவே இல்லை."

எர்சிலியா ரொட்டித் துணுக்குகளை மேஜையிலிருந்து வழித்துக்கொண்டிருந்தாள். "மேல கோட்டு போட்டுக்கிட்டுப் போ. காத்து அடிக்குது."

மூட்டுவலி பார்க்காமல் நாலு மாடி இறங்கினாள். சிவப்பு எட்டின் இரும்புக் கதவு துருப்பிடித்து இறங்கியே கிடந்தது. எதிரே காப்பிக் கடை டூய்லியோ கோப்பை துடைத்துக்கொண்டிருந்தான்.

"மஞ்சள் பை மாட்டின பொண்ணா? வந்துச்சு. அரை மணி நேரம் அந்தக் கதவைத் தட்டிக்கிட்டு நின்னுச்சு."

"யார் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"வரைபடத்தைக் கையில வச்சுக்கிட்டு மூடின கதவு முன்னாடி தினம் நூறு பேர் நிக்கிறாங்க, யோலாண்டாம்மா. எல்லாரையும் கேட்டா நான் எப்பக் காப்பி போடுறது?"

"எந்தப் பக்கம் போனா?"

"மேல. கண்ணைத் துடைச்சுக்கிட்டே போச்சு. காத்துதான் காரணமோ என்னமோ."

கடைசி இடம் காஸ்டெலெட்டோ. யோலாண்டா ஓடினாள், அறுபத்தாறு வயசு ஓட்டம். வழியெல்லாம் வரைபடங்கள், அண்ணாந்த முகங்கள். ஒரு மஞ்சள் பையைத் தோளில் தட்டித் திருப்பினால் ஜெர்மன்காரி. லிஃப்டுக்குப் போகிற சுரங்கப் பாதைக்குள் தன் செருப்புச் சத்தமே தன்னைத் துரத்துவதுபோல் இருந்தது. ஒரு வார்த்தை. கறுப்பு என்ற ஒரே வார்த்தையை எழுதாமல் விட்டுவிட்டேனே, எருமை நான், எருமை. லிஃப்ட் வர நேரமாயிற்று. பொத்தானை ஆறு தடவை அழுத்தினாள்.

"ஒரு தடவை அழுத்தினாலே வரும், அம்மா," என்றார் பக்கத்தில் நின்றவர்.

"உங்களுக்கு வரும்."

மேலே கம்பியோரம் மலேனா நின்றிருந்தாள். கேட்கவே வேண்டாம், ஜெரோலமோவின் காது. கீழே கற்பலகைக் கூரைகள், அதற்கப்பால் துறைமுகத்தில் அவளுடைய வெள்ளைக் கப்பல்.

"மலேனா. நான் யோலாண்டா."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு இருபது. "நீங்க வேணாம்னு நினைச்சிட்டீங்கன்னு... கதவு திறக்கவே இல்லை அத்தை."

"என் தப்புடா கண்ணு. எங்க வீடு கறுப்பு எட்டு. நீ நின்னது சிவப்பு. நான்தான் கடுதாசியில எழுத மறந்துட்டேன்."

மலேனாவின் புருவம் சுருங்கியது. திக்கித் திக்கி அவள் பேசின இத்தாலி மொழியில் தம்பியின் இழுப்பு அப்படியே இருந்தது.

"இல்லையே. ரெண்டு எட்டு உண்டுன்னு அப்பா சொல்லியிருக்கார். அதான் நேத்து கப்பல்லருந்து போன் பண்ணிக் கேட்டேன். ஒரு அத்தை எடுத்தாங்க. 'சிவப்பு'ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைதான். வச்சுட்டாங்க."

நேற்று யோலாண்டா மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போன் மணி கேட்டது. யார் என்று இறங்கி வந்து கேட்டதற்கு, ஒனேலியா ஊர் எண்ணெய்க்காரன், வாங்கச் சொல்லி வாரம் தவறாமல் போன் பண்ணிப் பிடுங்குகிறான் என்றாள் எர்சிலியா.

யோலாண்டா கைப்பேசியில் வீட்டு எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்தாள் எர்சிலியா.

"கிடைச்சாளா?"

"கிடைச்சா."

தட்டு ஒன்று மேஜையில் நகருகிற சத்தம் கேட்டது.

"பாஸ்குவலினா ஆறிப்போச்சு," என்றாள் எர்சிலியா. "கூட்டிட்டு வர்றதுன்னா சீக்கிரம் வா. கப்பலுக்கு நேரமாகுதுல்ல அவளுக்கு."

மலேனா பையின் வாரைப் பிடித்துக்கொண்டு யோலாண்டாவின் முகத்தையே பார்த்து நின்றாள்.

"வர்றோம்," என்றாள் யோலாண்டா. "அக்கா, நேத்து போன் பண்ணின எண்ணெய்க்காரன், லிட்டர் என்ன விலைன்னு சொன்னான்?"