கோடு போட்ட டம்ளர்

எண்பத்தெட்டாம் வருஷம். போடி ஏலக்காய்க் கடை பொன்னுராஜ் மதுரை பஸ்ஸில், தனக்கும் மனைவி ஞானபாக்கியத்துக்கும் நடுவில் எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று உறையைச் சுற்றிப் பழைய செய்தித்தாள் வேறு.

அவளுக்கு ஒரு மாதமாக இருமல். உள்ளூரில் எடுத்த படத்தில் வலது நெஞ்சின் மேல்பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. "காசநோயா இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம். மதுரையில சி.டி. ஸ்கேன் வந்திருக்கு, எடுத்துப் பாத்துருங்க" என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே பொன்னுராஜ் அவளுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் ஒதுக்கிவிட்டார். மாறிவிடக் கூடாதாம், டம்ளர் விளிம்புக்குக் கீழே ஆணியால் ஒரு கோடும் கீறினார். ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டில் விட்டுவிட்டு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய், விசாரித்தவர்களிடம் "அவ ஆத்தா வீட்டுக்குப் போயிருக்கா" என்று கூசாமல் சொன்னார்.

மதுரை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எடுத்த உடனே ஸ்கேன் எதுக்கு? முதல்ல எக்ஸ்ரேயை ஒழுங்கா எடுப்போம். அதுலயும் நிழல் இருந்தா ஸ்கேன் பாக்கலாம். ஏம்மா, படம் எடுக்கும்போது சடை முன்னால கிடந்துச்சா?"

ஞானபாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். "மேல தூக்கிக் கட்டச் சொன்னாக. நான் கட்டல."

"ஏன்?"

பதிலுக்கு அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். கனத்த சவுரி மடியில் விழுந்தது. சொந்த முடி எலிவால் அளவுதான் மிச்சமிருந்தது.

மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு கொட்டிப்போனதாம். கூடவே குடித்தனம் நடத்திய மனுஷருக்கு அது தெரியவில்லை. "முடியைப் பாத்துத்தான்யா கட்டுனேன்" என்று பஜாரில் பெருமையடிக்க மட்டும் தெரிந்திருந்தது. சடையைத் தூக்கினால் சவுரி தெரிந்துவிடும். அந்தப் பெருமையைக் காப்பாற்றத்தான் அவள் சடையைத் தூக்கிக் கட்டாமல் நின்றிருக்கிறாள்.

சவுரி இல்லாமல் எடுத்த படத்தில் நிழல் இல்லை. "தூசி இருமல்தான். ஸ்கேன் வேண்டாம்" என்று டாக்டர் மருந்து எழுதினார். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் பொன்னுராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரே காப்பி போட்டார். தன் டம்ளரில் ஊற்றி நீட்டினார். அவள் வாங்கவில்லை. அலமாரியிலிருந்து கோடு போட்ட டம்ளரை எடுத்து வந்தாள்.

"இதுல ஊத்துங்க. பழகிருச்சு."

அவர் ஊற்றினார். கோட்டை அவள் விரல் மறைத்திருந்தது. நல்லவேளை என்று நினைத்தார். அப்படி நினைத்ததற்கும் வெட்கப்பட்டார்.