பன்னிரண்டு நாவலும் ஒரு சிவப்புப் பேனாவும்

லூயிசா டீச்சருக்குக் கோபம் வந்தால் வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்வாள். இந்த ஏப்ரல் கடைசியில் வந்த கோபத்துக்கு அது பத்தவில்லை. நேராக ராயப்பேட்டைப் புத்தகக் கடைக்கு ஆட்டோவில் போய், போன ரெண்டு வருஷத்தில் வந்த நாவலாகப் பார்த்துப் பன்னிரண்டு வாங்கிக்கொண்டு சாந்தோம் வீட்டுக்குத் திரும்பினாள்.

கோபம் வராமல் என்ன செய்யும்? அடையாறில் இருக்கிற மகள் ரெனிட்டா நாவல் எழுதியிருக்கிறாளாம், ஜூனில் அச்சுக்குப் போகிறதாம். அந்தச் சேதியைப் பெற்றவள் கேட்டது கோயில் வாசலில், யாரோ ஒருத்தி வாயால். போன் போட்டு இவள் சண்டைக்குப் போனால், மகள் நிதானமாக ஒரே பதில் சொன்னாள்.

"நீ படிக்க வேணாம் மம்மி. நீ மார்க் போடுவ."

லூயிசாவுக்குச் சுருக்கென்றது. ரெனிட்டா ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒரு கதை எழுதி நீட்டினாள். அன்றைக்கு டீச்சர் மடியில் பரீட்சைப் பேப்பர் கட்டு. அதே கையோடு பத்துக்கு நாலு போட்டு, ‘முயற்சி தேவை’ என்று சிவப்பில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். அதோடு சரி, அந்தப் பெண் வீட்டில் ஒரு வரிகூடக் காட்டியதில்லை.

அதனால்தான் இந்தத் திட்டம். பாடப்புத்தகத்தைத் தாண்டி இவள் புதுக்கதை தொட்டு முப்பது வருஷம் இருக்கும். மே மாசம் முழுக்க உட்கார்ந்து பன்னிரண்டையும் முடித்துவிட்டால், மகளுடைய நாவலை டீச்சராக இல்லாமல் படிக்கத் தெரிந்துவிடும் என்று கணக்குப் போட்டாள். பங்குக் கோயில் காலண்டரில் ஒரு நாவலுக்கு இரண்டரை நாள் என்று கட்டம் கட்டினாள். இந்த வெயிலில் இது தேவையா என்று கேட்ட புருஷன் ரொனால்டை ஒரு முறை முறைத்தாள், அவர் டீ போடப் போய்விட்டார்.

ஆனால் கை கேட்டால்தானே! முதல் நாவல் முடிந்ததும் அதுபாட்டுக்குப் பேனாவை எடுத்துக் கடைசிப் பக்கத்தில் பத்துக்கு மூணு போட்டது. அடுத்ததற்கு, ‘முடிவு எங்கே?’ நாலு புத்தகம் இப்படியே போயிற்று.

ஐந்தாவதில் ஒருத்தி, செத்துப்போன தங்கச்சியின் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அந்த இடத்தில் ரொனால்ட் டீ கொண்டுவந்து வைத்தார். கொதிக்கக் கொதிக்க இல்லாவிட்டால் டம்ளரைத் திருப்பி அனுப்புகிற லூயிசா, அதை மறந்தே போனாள். புத்தகம் முடிந்து பேனாவைத் திறந்தவளுக்கு என்ன போடுவதென்று தெரியவில்லை. மூடி வைத்துவிட்டாள். வெட்கமாக இருந்தது.

திட்டம் ஊத்திக்கொண்டது. மாசக் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து ரெனிட்டா சாப்பிட வந்தபோது ஏழுதான் முடிந்திருந்தது. வந்தவள் மேஜையில் இருந்த அடுக்கைப் பார்த்து, மேலே இருந்ததைப் புரட்டினாள். பத்துக்கு மூணு. முகம் இறுகிப்போயிற்று. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் லூயிசா. ரெனிட்டா விடாமல் ஒவ்வொன்றாகப் புரட்டி, ஐந்தாவதில் நின்றாள்.

"இதுக்கு ஏன் போடல?"

"போட முடியல ரெனி. உனக்கும் போட்டிருக்கக் கூடாது."

மகள் புத்தகத்தை அடுக்கில் திருப்பி வைத்தாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, பையிலிருந்து ஒரு பேப்பர் கட்டை எடுத்து அம்மா மடியில் வைத்தாள். லூயிசா ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பேனா அலமாரியிலேயே கிடந்தது.

ரொனால்ட் எப்போது வந்து டீ வைத்தார் என்று அவளுக்குத் தெரியாது. நிமிர்ந்து பார்த்தபோது, ஆடை படிந்த டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ரெனிட்டா நின்றிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"ஆறிப்போச்சு மம்மி."

"இருக்கட்டும், இந்தப் பக்கத்த முடிச்சுக்கறேன்" என்று லூயிசா மறுபடியும் குனிந்துகொண்டாள்.