மூன்று மணி ஒலிபரப்பு

மெய்னிர் ரேடியோவைத் தூக்கி மாடி அறை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, வயரைக் கட்டிலுக்கடியில் இழுத்துச் சொருகினாள். மணி இரண்டே முக்கால். அவள் அப்பா இட்வல் பெடோவுக்குக் காலையிலிருந்தே மூச்சு விட்டுவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தது. சாயங்காலம் தாண்டாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மூணு மணி வரைக்கும் இருங்கப்பா. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

அவருடைய உதடு ஒரு பக்கமாகச் சிரித்தது.

பதினைந்து வயதில் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். லண்டன் போய்ப் பாட்டுப் படித்து, இருபது வருடம் ஓபரா இசைநாடக மேடைகளில் டெனராக, உச்சக்குரல் பாடகராக, பாடினார். ஒரு இசைத்தட்டுகூட வரவில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒருநாள் பெரிய பாடகர் காய்ச்சலில் விழுந்துவிட, இவர் அந்த இடத்தில் பாடி அரங்கத்தையே எழுந்து நிற்கவைத்தார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாதிப் பேர் நம்பாத கதையும்கூட. போன மாதம் அந்த இரவின் ஒலிநாடா அங்கே ஏதோ கிடங்கில் அகப்பட்டது. இன்று ஒலிபரப்பு.

"இட்வல், இன்னைக்கு உன் குட்டு உடையப்போகுது," என்றார் கதவில் சாய்ந்திருந்த ட்ரெவோர். சுரங்கத்துக் கூட்டாளி. "முப்பது வருஷமா இதக் கேட்டே என் காது தேஞ்சுபோச்சு."

"கேட்டுட்டு... பேசுடா."

மெய்னிர் கீழே எட்டிப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு ரேடியோ இருந்தும், தெருவே டீக் கோப்பைகளோடு இந்த ஜன்னலுக்கடியில் வந்து நின்றது. அவள் சத்தத்தை முழுசாகத் திருகினாள்.

அறிவிப்பாளர் அப்பாவின் பெயரைச் சொன்னார். வாத்தியங்கள் எழுந்தன. அப்புறம் அந்தக் குரல்.

ஊர்த் தேவாலயத்தில் பாடிய அப்பாவை அவளுக்குத் தெரியும். இது வேறு ஆள். இளைஞன், எதற்கும் பயமில்லாதவன். ட்ரெவோர் தொப்பியைக் கழற்றினார். குரல் படிப்படியாக ஏறியது. அப்பாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தாளம் போட்டன. உச்ச ஸ்வரத்தில் குரல் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அவளும் மூச்சு விடவில்லை.

ஹாம்பர்க் அரங்கம் கைதட்டலில் வெடித்தது.

"அந்த ஸ்வரத்த... கொஞ்சம் சீக்கிரம் விட்டுட்டேன்," என்றார் அப்பா.

"போடா டேய், இதுக்கு மேல என்னடா வேணும் உனக்கு?" என்றார் ட்ரெவோர்.

மணிக்கட்டிலிருந்த விரல்கள் தளர்ந்தன. மெய்னிர் ட்ரெவோரைப் பார்த்தாள். அவருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

ஜெர்மன்காரர்களின் கைதட்டலோடு தெருவின் கைதட்டலும் சேர்ந்துகொண்டது. "இட்வல், இன்னொரு தடவ," என்று யாரோ கூவினார்கள். மெய்னிர் ஜன்னலுக்குப் போனாள். அத்தனை முகங்களும் மேலே பார்த்தன. பக்கத்து வீட்டு க்ளெனிஸ் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள்.

மெய்னிர் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். பிறகு திரையை அகலமாக விலக்கிவிட்டு, அவர்கள் தட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.