பாறை அன்று, ஆறு

கையேட்டில் ஜீனத் எழுதிய சொல் ‘பனியாறு’. அதனை அடித்துவிட்டுப் ‘பனிப்பாறை’ என்று மாற்றியவர் மேலாளர் ஜெகதீஷ்.

“பனியாறுன்னா யாருக்கும்மா புரியும்? பேப்பர்லயே பனிப்பாறைன்னுதான் போடறான். அது எப்படி உருவாவுது, எப்படி நகருதுன்னு ரெண்டு பக்கம் கதை வேற. மிஷினை ஓட்டத் தெரிஞ்சாப் போதும்” என்று அன்று அவர் சொன்னார்.

ஓசூர் சிப்காட் வளாகத்தில் துளையிடும் இயந்திரங்களைச் செய்யும் அந்நிறுவனத்தில், தமிழைப் பிழையின்றி எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்தி. எந்தத் தமிழ் அச்சேற வேண்டும் என்று முடிவு செய்பவரோ அவர். அந்த இரண்டு பக்கங்களும் அச்சேறவில்லை.

இன்று மாலை, ஜெகதீஷின் மேசைமீது இருந்த தொலைபேசியில் ஜீனத்தின் அண்ணன் காலிதின் குரல் விட்டுவிட்டு ஒலித்தது. இமயமலையில் பனியைத் துளைத்து ஆழம் அளக்கும் பணிக்காக, இயந்திரத்தோடு அவனும் மதுரைப் பக்கத்து வெள்ளைச்சாமியும் கோடைத் தொடக்கத்தில் போயிருந்தார்கள். பனிப்பிளவு ஒன்றின் குறுக்கே கிடத்திய இரும்பு ஏணியைக் கடந்துதான் மேலே ஏறினார்கள். ஏணியின் அருகே சிவப்புத் துணி கட்டிய கழி ஒன்றை நட்டார்கள். காலித் அந்த இடத்தைக் கைப்பேசி வரைபடத்திலும் குறித்துக்கொண்டான். அதன் பின்னர் இருவரும் கீழே இறங்கவே இல்லை. கோடை முடிந்து இன்றுதான் திரும்புகிறார்கள். வழிகாட்டி முதற்சுமையோடு காலையிலேயே இறங்கிவிட்டான். அவன் போன பிறகு மூடுபனி சூழ்ந்துகொண்டது.

“மேப்புல காட்டற எடத்துக்குக் கிட்ட வந்துட்டோம். ஏணியக் காணோம். வெறும் வெள்ளையாக் கெடக்குது. செவப்புத் துணி தூரத்துல, கீழ, மங்கலாத் தெரியுது. எவனோ புடுங்கி அங்க நட்டுட்டான் போல” என்றான் காலித்.

“குச்சியை நம்பாதீங்க, மேப்பை நம்புங்க. புதுப்பனி ஏணியை மூடியிருக்கும். நேரா நடங்க” என்றார் ஜெகதீஷ்.

ஜீனத் தொலைபேசியை நெருங்கினாள். அச்சேறாத பக்கங்களில் அவள் எழுதியவை ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்தன. பனியின்மேல் பனி விழுகிறது. அடிப்பனி காற்றை இழந்து இறுகிக் கட்டியாகிறது. அந்தக் கட்டி தன் கனத்தாலேயே நெகிழ்ந்து, அடியில் கசியும் நீரில் வழுக்கிச் சரிவில் இறங்குகிறது. படுகை செங்குத்தாகும் இடத்தில் அது வெடிக்கிறது. வெடித்த பிளவு கீழே நகர்ந்துவிட, பின்னால் வரும் பனி அதே இடத்தில் மீண்டும் வெடிக்கிறது. பிளவோடு ஏணியும் போயிருக்கிறது. அண்ணனுக்கு முன்னால் இருப்பது புதுப்பிளவு. அதன்மேல் புதுப்பனியின் மெல்லிய போர்வை.

“அண்ணா, நில்லு! ஒரு அடிகூட எடுத்து வெக்காத. ஏணி கீழ போயிடுச்சு, குச்சியும் அதோடவே போயிருக்குது. குச்சிதான் சரி.”

“பாறை எப்புடி நகரும்? நீதானே புக்குல பாறைன்னு எழுதுன?”

ஜெகதீஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ‘நான் எழுதவில்லை’ என்னும் சொற்கள் ஜீனத்தின் நாக்கு நுனிவரை வந்தன. விளக்குவதற்கு நேரம் இல்லை. காலிதின் தொலைபேசியில் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது.

“தப்பாப் போச்சுண்ணா. அது பாறை இல்ல, ஆறு. கெட்டியா, மெதுவாப் போவுது, அவ்ளோதான். ஒகேனக்கல்ல பரிசலை அவுத்து வுட்டுட்டு, அவுத்த எடத்துலயே வந்து தேடுவியா?”

பின்னாலிருந்து வெள்ளைச்சாமியின் குரல் கேட்டது: “பாறையே நடக்குதுன்னா என்னை எதுக்குப்பா நடக்க விடுறீங்க? தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

“ஏம்மா, நீ பாட்டுக்குப் பாதையை மாத்தற. ஆளுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பொறுப்பா?” என்றார் ஜெகதீஷ்.

“ஆமா சார், நான்தான் பொறுப்பு” என்றவள், தொலைபேசியின் பக்கம் குனிந்தாள். “அண்ணா, நின்ன எடத்துல இருந்தே மிஷின் கம்பியால முன்னால குத்திப் பாருங்க, ரெண்டு பேரும்.”

பனி நறநறத்தது. பிறகு மூச்சொலி மட்டும் கேட்டது.

“யாத்தே… கம்பி கையை விட்டே உள்ள போயிருச்சு, அடியில ஒண்ணுமே இல்ல!” என்று வெள்ளைச்சாமி அலறினார்.

இணைப்பு அறுந்தது.

ஜீனத் மீண்டும் மீண்டும் அழைத்தாள். மறுமுனையில் மணியே அடிக்கவில்லை. ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது. தொழிலாளர்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசிச் சிரித்தபடி பேருந்துகளை நோக்கிப் போனார்கள். வாசலில், மறுநாள் லாரியில் ஏற வேண்டிய புதிய கையேடுகளின் பெட்டி இருந்தது. பெட்டியின்மேலும் ‘பனிப்பாறை’ என்றே சீட்டு ஒட்டியிருந்தது. ஜெகதீஷ் அதைப் பார்ப்பதும் பார்வையை விலக்குவதுமாக இருந்தார்.

இருட்டத் தொடங்கியபோது மணி அடித்தது. எண் புதியது, அடிவார முகாமிலிருந்து வந்த அழைப்பு.

“ஜீனத்…” காலிதின் பற்கள் குளிரில் தந்தியடிக்கும் ஒலி கேட்டது. “புதுப் பிளவு முடியற எடம் வரைக்கும் குத்திக்கிட்டே போயி, சுத்தி எறங்கினோம். குச்சிகிட்டயேதான் இருந்துச்சு ஏணி. ஆத்தத் தாண்டிட்டோம்மா.”

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் இருந்த பெட்டியைத் தரையோடு தேய்த்து உள்ளே இழுத்தாள்.

“இந்த லோடு போவாது சார்” என்றாள்.

ஜெகதீஷ் எழுந்து வந்து, பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார்.