கட்டணம் இல்லாத அறை

கொத்தனார் தன் மனைவிக்குக் கட்டிக்கொடுத்த அறை, பூச்சு காய்ந்த மறுவாரமே வாசலிலிருந்து கட்டில்வரை ஒரு தெரு நீளம் ஆகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அதே எட்டுக்குப் பத்துதான். உள்ளே கால் வைத்தால்தான் நடக்க வேண்டியிருந்தது.

அவளும் அவரோடு சித்தாளாகக் கல் சுமந்தவள். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பு போய், முன்னறைக் கட்டிலே கதியென்று ஆனாள். வருகிறவர் போகிறவர் எல்லாம் அவளைத் தாண்டித்தான் அடுப்படிக்குப் போக வேண்டும். துணி மாற்றும்போது யாராவது சேலையை விரித்துப் பிடிக்க வேண்டும். "சாத்திக்கிற மாதிரி ஒரு கதவு இருந்தாப் போதுங்க" என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அதற்கப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஊரில் ஓர் அறைக்கு அனுமதி வாங்கக் கேட்ட கட்டணத்தில் அறையையே இரண்டு முறை கட்டலாம். மேற்கே அடுத்த ஊரில் அதில் பாதி. கிழக்கு ஊரில் கட்டணமே கிடையாது. ஊர் எல்லையோ அவர் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஓடியது. கொல்லை முழுக்கக் கிழக்கு ஊரைச் சேர்ந்தது. வயரிங் வேலை பார்க்கும் மைத்துனன்தான் கிளப்பிவிட்டான். "என்ன மாமா, சல்லிக்காசு கேக்காத ஊரை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு முழிக்கிறீங்க? சுவரை இடிங்க." இடித்தார், கட்டினார், நல்ல மரத்தில் கதவும் போட்டார்.

ஒரு காலையில் அவள் கட்டிலிலிருந்து கூப்பிட்டுக் கேட்டாள். "ஏங்க, எட்டுக்குப் பத்துதானே போட்டீங்க?"

"நூல் பிடிச்சுத்தான் போட்டேன்."

"அப்புறம் ஏன் நீங்க விரல் உசரத்துக்குத் தெரியுறீங்க?"

தான் வைத்த செங்கல் தன்னைக் கேட்காமல் நகர்ந்ததை அவர் அதுவரை கண்டதில்லை. வேட்டியைக்கூட மாற்றாமல் ஊர் அலுவலகத்துக்கு ஓடினார். அதிகாரி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நாங்க வாங்குற காசு எதுக்குன்னு நினைச்சீங்க? ஆளு வந்து டேப்பு பிடிச்சு, இதுவரைக்கும்தான்னு முத்திரை குத்துறான்ல, அது சுவருக்குச் சொல்றது." மேற்கு ஊரில் பாதிக் கட்டணம் என்பதால் அங்கே சுவர்கள் மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் நகருமாம், பீரோவைத் தள்ளிப்போட்டுச் சமாளிப்பார்களாம். முழுக் கட்டணமும் கட்டுகிறேன் என்று கொத்தனார் கையைப் பிடித்தார். அது எங்கள் எல்லை இல்லையே என்றார் அதிகாரி.

கிழக்கு ஊர் எழுத்தர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "நாங்க காசே வாங்கலையேண்ணே, எந்த மூஞ்சியோட சுவரை நில்லுன்னு சொல்றது? எங்கப்பாவை அவர் ரூம்ல பாத்தே ரொம்ப நாளாச்சு" என்றார், பஸ் தாமதம் என்பதுபோல.

வந்ததும் அவளைத் தோளில் தூக்கினார்.

"எங்க கொண்டுபோறீங்க?"

"முன்னறைக்கே போயிடலாம்."

"இறக்குங்க. திரும்பவும் எல்லார் காலடியிலயும் கிடக்க என்னால ஆகாது. தூரமானா ஆயிட்டுப் போகுது."

இறக்கினார். அந்த வருடம் சாப்பாட்டுத் தூக்கோடு காலையில் கிளம்பினால் மதியம் அவளிடம் சேர்ந்தார். மறுவருடம் சேர்வதற்குள் பொழுது சாய்ந்தது. ஒருநாள் போய்ச் சேர்ந்தபோது குடத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அவள் உதடு வெடித்திருந்தது. அடுத்த நடையில் தன் கட்டிலையும் அடுப்பையும் தலையில் சுமந்துகொண்டு வந்து, கட்டில் இரண்டையும் கால்களோடு கால்கள் சேர்த்துச் சாரக்கயிற்றால் இறுக்கிக் கட்டினார். சுவர்கள் போய்க்கொண்டே இருந்தன. கட்டில்கள் விலகவில்லை.

மைத்துனன் அரிசியும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு சைக்கிளில் போய்வருகிறான். டயர் தேய்கிறது என்பதைத் தவிர அவனுக்குக் குறையொன்றும் இல்லை. அங்கிருந்து பார்த்தால் வாசல் இருக்கும் திசைகூடத் தெரியாது. ஆனாலும் அவன் கிளம்பும்போதெல்லாம் அக்கா மறக்காமல் சொல்லி அனுப்புவாள்: "போறப்ப கதவைச் சாத்திட்டுப் போடா."