டவரா அளவுக்கு ஒரு தேசம்

நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்த திருஞானம், காலையில் காப்பி ஆற்றும்போது ஒரு நாட்டை உண்டாக்கிவிட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன டம்ளருக்கும் டவராவுக்கும் நடுவே காப்பியை ஒரு முழம் இழுத்து ஆற்றுவது அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை. அலுவலகத்தில் அதற்கு யாரும் கைதட்டியதில்லை. ஆனாலும் யாராவது பார்க்கிறார்களா என்று கண்ணை ஓடவிட்டுக்கொண்டேதான் ஆற்றுவார்.

அன்றைக்கும் ஓடவிட்டார். காப்பி சிந்தியது. டவராவைக் கீழே வைத்தார். கீழே மாவட்ட வரைபடம் விரித்திருந்தது.

எடுத்துப் பார்த்தபோது ஒரு வட்டம். கைக்குட்டையால் துடைத்தார். துடைக்கத் துடைக்க வட்டம் உறுதிப்பட்டது. கைக்குட்டையிலும் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டது. அது அந்த நாட்டுக்குச் சொந்தமான தீவு என்று பிற்பாடு தெரியவந்தது.

சாயங்காலம் வீடு திரும்பும்போது தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் பேருந்து நின்றுவிட்டது.

“நாடு வந்துடுச்சு. இறங்குங்க,” என்றார் நடத்துநர்.

சாலையின் குறுக்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வளைந்து போயிற்று. சிக்கரி வாசனை அடித்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய தெரு. தெருவில் அவருடைய வீடு. மாடிக் கொடியில் அவருடைய மனைவி ரஞ்சிதமணியின் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அந்நிய நாட்டுப் புடவை போல அது கொஞ்சம் கெத்தாகவே ஆடியது.

காவலுக்கு நின்றவர் எதிர்வீட்டு ஏகாம்பரம். காலையில் இவரிடம் செய்தித்தாள் இரவல் வாங்கிப் போனவர். இப்போது முழங்கால் வரைக்கும் கருங்கல்லாக இருந்தார்.

“என்ன ஏகாம்பரம், கால் இப்படி ஆயிடுச்சு?”

“நாட்டுக்கு ஒரு சிலை தேவைப்பட்டுச்சு சார். நான்தான் கிட்டக்க நின்னேன்.”

“வலிக்குதா?”

“பெருமையா இருக்கு. கொஞ்சம் அரிக்குது.”

திருஞானம் கோட்டைத் தாண்டக் காலைத் தூக்கினார். ஏகாம்பரம் கையை நீட்டித் தடுத்தார்.

“நீங்க நம்மாளா சார்?”

“என்னய்யா கேள்வி இது? பதினஞ்சு வருஷமா எதிர்வீடு.”

“நாடு மூவாயிரம் வருஷமா இருக்கு சார்.”

“காலையிலதானே வந்துச்சு?”

“காலையில வந்துச்சு. மத்தியானம் முந்நூறு வருஷம். நீங்க பஸ்ல வர்ற நேரத்துல மூவாயிரம். இப்படிப் பேசி நேரத்தை ஓட்டினீங்கன்னா இன்னும் ஏறும்.”

சொல்லி வாயை மூடுவதற்குள் தெருமுனையில் ஒரு பழைய கோட்டை எழும்பி, முற்றுகையில் இடிந்தும் முடிந்தது. இடிந்த பகுதியில் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் நாட்டை மூடிவிடுவார்கள் என்று ஏகாம்பரம் சொன்னார். அதற்குள் உள்ளே வராதவர்கள் எப்போதுமே வெளியே இருந்தவர்கள் ஆகிவிடுவார்களாம்.

“எப்போதுமேன்னா?”

“பின்னாடிப் பக்கமும் சேர்த்துத்தான் சார். கல்யாணம், காட்சி, எதுவும் நடந்திருக்காது.”

திருஞானம் மாடிக் கொடியில் ஆடிய புடவையைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து ரஞ்சிதமணியை விட்டு அவர் ஓர் இரவும் வெளியே தங்கியதில்லை. தங்கச் சொல்லி யாரும் அழைத்ததில்லை என்பதும் ஒரு காரணம். அவளுக்குச் சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இவர் போய்த் தட்டெடுத்து வைத்தால்தான் சாப்பிடுவாள். கல்யாணமே நடக்கவில்லை என்றால் அவளுக்கு யார் தட்டெடுத்து வைப்பார்கள்?

“இந்த நாட்டை உண்டாக்கினதே நான்தான்யா,” என்றார் தாழ்ந்த குரலில்.

“அம்மாகிட்ட சொல்லுங்க. அவங்கதான் வரலாறு,” என்று ஏகாம்பரம் விரலைக் காட்டினார்.

கோட்டின் மேலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார் பேராசிரியை வேதநாயகி. நாட்டின் பழமையைக் கவனித்துக்கொள்வது அவர் பொறுப்பு. அவர் முன்னால் பட்டுத்துணியின் மேல் ஒரு பித்தளை டவரா இருந்தது. மத்தியானம் தோண்டி எடுத்தார்களாம். திருஞானத்துக்கு அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. நசுங்கலோடு சேர்த்து.

“எங்க முதல் கல்வெட்டு,” என்றார் வேதநாயகி. விளிம்பில் வெட்டியிருந்த எழுத்துகளை விரல் படாமல் வாசித்தார். “‘ரஞ்சிதமணி. தாய்மாமன் அன்பளிப்பு.’ ரஞ்சிதமணி எங்க ஆதி அரசி. தாய்மாமன் அவங்களுக்கு முன்னால ஆண்ட வம்சம். அன்பளிப்புங்கறது தலைநகரம்.”

“அம்மா, அது எங்க வீட்டு டவரா. கல்யாணத்துக்கு அவ மாமா குடுத்தாரு. பாத்திரக்கடையில பேர் வெட்டுனது.”

“எல்லா நாட்டுக்கும் இப்படி ஒருத்தர் வந்து சொல்லுவார்,” என்றார் வேதநாயகி அன்பாக. “நாங்க அவங்களைக் கோவிச்சுக்கறதில்லை.”

“நான் உள்ள வரலாமா, கூடாதா?”

“ரத்தம் பார்ப்போம்.”

வேதநாயகி திருஞானத்தின் விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “சிவப்பு,” என்றார். “இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஏதாவது பேசுங்க.”

“என்ன பேசறது?”

“அப்படியே எங்க பாஷை மாதிரியே இருக்கே!” வேதநாயகியின் முகம் இருண்டது. “அதான் சந்தேகமா இருக்கு. சரி, மறக்க வேண்டியதை மறந்துட்டீங்களா?”

“எதைம்மா?”

“அதைச் சொன்னா ஞாபகம் வந்துடும். இங்க எல்லாரும் சேர்ந்து ஒண்ணை மறந்திருக்கோம். நாடுன்னா அதுதான்.”

திருஞானம் தான் மறந்தவற்றையெல்லாம் யோசித்துப் பார்த்தார். குடை, மின்கட்டணம், மைத்துனியின் பிறந்தநாள். இதில் எது தேசியம் என்று தெரியவில்லை. இதற்குள் ஏகாம்பரத்துக்கு இடுப்பு வரை கல்லாகியிருந்தது.

“கடைசியா ஒரு வழி இருக்கு,” என்றார் வேதநாயகி. “இந்த நாட்டுல பாதிப் பேரை மீதிப் பேர் பார்த்ததே இல்லை. பார்க்கவும் போறதில்லை. ஆனா அவங்களுக்காக உயிரையே குடுப்போம். முன்னபின்ன பார்க்காதவங்களைத்தான் நம்மவங்கன்னு நினைக்க முடியும். உங்களை யாருக்கும் தெரியாதுன்னா நீங்க நம்மவர்.”

“எனக்குத் தெரியுமே,” என்றார் ஏகாம்பரம்.

“சிலையோட சாட்சி செல்லாது. வேற யாருக்காவது தெரியுமா?”

“என் பெண்டாட்டிக்குத் தெரியும்,” என்று திருஞானம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆள் அனுப்பிவிட்டார்கள்.

“அவ தெரியாதுன்னு சொன்னா?”

“உள்ள வரலாம். எந்த வீட்டுல வேணும்னாலும் இருங்க. எல்லாரும் உங்க சகோதர சகோதரிகள்தான்.”

“அவளுமா?”

“அவங்க மட்டும் விதிவிலக்கா?”

“தெரியும்னு சொன்னா?”

“அது ஏதோ குடும்ப விஷயம். நாட்டுக்குச் சம்பந்தமில்லை. வெளியே நின்னுக்குங்க.”

ரஞ்சிதமணி நடந்து வந்தாள். கையில் கரண்டி. வெறுங்கால். அவள் பெயரைக் கேட்டதும் கூட்டம் எழுந்து நின்றது. அவள் அதைக் கவனிக்கவில்லை. “குழம்பு அடுப்புல இருக்கு, சீக்கிரம் கேளுங்க,” என்றாள். அவள் நெற்றியில் வியர்வை பூத்திருந்தது. இன்னும் சாப்பிடவில்லை என்பதற்கு அடையாளம் அது.

திருஞானம் யோசித்தார். சகோதரனாகவாவது உள்ளே போய்விட்டால் தட்டெடுத்து வைக்கலாம். எந்தச் சட்டம் சகோதரனைத் தடுக்கும்? அவளைப் பார்த்து, தெரியாதென்று சொல், தெரியாதென்று சொல் எனத் தலையை ஆட்டினார். கண்ணைச் சிமிட்டினார். அவருக்குக் கண் சிமிட்ட வராது. இரண்டும் சேர்ந்து மூடிக்கொண்டன.

“தெரியாதுன்னு சொல்லிடுங்கம்மா,” என்று ஏகாம்பரமும் கிசுகிசுத்தார். அதோடு அவர் உதடு கல்லாகிவிட்டது.

தெருவிளக்கு ஒன்று கண்சிமிட்டி எரியத் தொடங்கியது.

“இவரை உங்களுக்குத் தெரியுமா?” என்றார் வேதநாயகி.

ரஞ்சிதமணி அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். சட்டையில் காப்பிக் கறை. மூடிய கண்கள்.

“தெரியாமென்ன? எங்க வீட்டுக்காரர்.”

கூட்டத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். வேதநாயகி டவராவைப் பட்டுத்துணியில் சுற்ற ஆரம்பித்தார். தெருவின் மறுகோடியிலிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் எரிந்துகொண்டே வந்தன.

திருஞானம் கண்ணைத் திறந்தார். “என்ன ரஞ்சிதம் இப்படிப் பண்ணிட்டே,” என்றார். “இப்ப நான் என்ன பண்றது?”

“அங்கயே நில்லுங்க,” என்றாள் ரஞ்சிதமணி. “அடுப்பை அணைச்சிட்டு, செருப்பை மாட்டிட்டு வரேன்.”